செல்லியின் ஐந்து முட்டைகள்

உத்தமன் பெண் பார்க்க வந்த அன்றே பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் மற்ற ஆட்களைப் போல இல்லை என்று.

குமணன்சாவடியில் அவள் அப்பா வீடு. பின்பக்கம் கோழிக்கூண்டு. மாப்பிள்ளை காபி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம் பார்த்தா அந்தக் கூண்டில் ரகளை கிளம்ப வேண்டும்? ஓடிப் போய்ப் பார்த்தால், ஆளுயரச் சாரைப்பாம்பு ஒன்று அவள் அடை வைத்திருந்த முட்டைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. மாமாக்கள் கம்பு தேடினார்கள். அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டார். கூண்டுக்குள் குனிந்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார்.

"அடிக்காதீங்க. பசிக்குத் துன்னுச்சு, அவ்ளோதான்" என்றார். காலி மனைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, ஆறிப்போன காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வந்தது மாப்பிள்ளையா பாம்பாட்டியா என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. முட்டை போன ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் அந்தக் கை. அவ்வளவு பெரிய பாம்பு திமிறாமல் அந்தக் கையில் கிடந்ததே, அதை அவளால் மறக்க முடியவில்லை. அப்பா கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டாள்.

சொன்னாளே ஒழிய, கல்யாணமான முதல் வாரத்திலேயே ஒரு கண்டிஷனும் போட்டுவிட்டாள். "யோவ், உன்ன நான் தொடுவேன். நீ தொடுற எதையும் தொடமாட்டேன். ஆமா."

உத்தமனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் வேலை. பிறந்து வளர்ந்ததும் அங்கே குவார்ட்டர்ஸில்தான். மற்றப் பையன்கள் ஓணானைக் கல்லால் அடிக்க, இவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். அது கணக்கு வாத்தியார் மேஜைமேல் ஏறித் தலையை ஆட்டியதற்கு முதுகில் வாங்கிய அடியை, இன்றைக்கும் மெடல் வாங்கியதைப் போலச் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஷெட்டில் பாம்பு, பாத்ரூமில் பாம்பு, ஹெல்மெட்டுக்குள் பாம்பு என்று யார் அலறினாலும் ஆள் வருவது இவர் வீட்டுக்குத்தான். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவார். பிடிப்பார், துணிப்பையில் கட்டுவார், வனத்துறைக்காரர்களைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுவார். ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொண்டதில்லை.

"நம்மூரு பாம்ப ஊட்ல வெச்சா கேஸு, வர்ணம். கேஸ வுடு, அது வெளிய சுத்தவேண்டிய ஜீவன். நமக்கு ஆச கீதுன்னு அத்தப் புடிச்சி அடைக்கிறது தப்பு" என்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மிட்டாய்க் கடை வாசலில் நிற்கிற பிள்ளையின் முகம்.

அந்த ஆசைக்கு வழி பிறந்தது ரிட்டயரான பிறகு. திருநின்றவூரில் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத் என்பவன் இவருக்குப் பழக்கம். அவனும் இதே கிறுக்கு. ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒரு ஜோடி வைத்திருந்தான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், யாரையும் கடிக்காது, அரசாங்கத்தில் பதிவு செய்து வளர்க்கலாம். அவன் அபார்ட்மெண்ட்காரர்கள் லிஃப்டில் ஏறமாட்டோம் என்று போர்க்கொடி தூக்கவே, பதிவை முறையாக மாற்றிக்கொடுத்து ஜோடியை உத்தமனிடம் ஒப்படைத்தான். கூடவே இகுவானா என்கிற வெளிநாட்டுப் பெரிய ஓணான் ஒன்றும் வந்தது. பச்சை நிறம், முதுகு முழுக்க முள். ஒரு வேலையும் செய்யாமல் ஜன்னலில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்ததால் பஞ்சவர்ணம் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாள். முருங்கைக் கீரையும் செம்பருத்திப் பூவும் பறித்துத் தட்டில் வைத்து, "துன்னுய்யா மேஸ்திரி, துன்னுட்டு மொற" என்று தள்ளிவிடுவாள். தட்டைத்தான் தொடுவாள். மேஸ்திரியைத் தொடமாட்டாள்.

பெண் மலைப்பாம்புக்கு உத்தமன் செல்லி என்று பேர் வைத்தார். காலையில் பல் தேய்த்தவுடன் செல்லி முகத்தில்தான் முழிப்பு. தண்ணீர் மாற்றுவது, சூடு பார்ப்பது, உரித்த சட்டையைக் கிழியாமல் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணின் தோல்கூட முழுசாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சவர்ணம் கதவோரம் நின்று பார்ப்பாள். தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால், இத்தனை வயசுக்குப் பிறகும் ஒரு மனுஷனுக்குத் தினம் காலையில் எழுந்திருக்க இப்படி ஒரு காரணம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். தெருவில் அவர் வயதுக்காரர்கள் பேப்பரைப் படித்துவிட்டு மறுபடியும் அதே பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"எத்தினி பாம்பப் பாத்துகீறேன். எல்லாம் என்னிய எப்பப் பாக்குது? பயந்துகினு கீறச்சொல்லோ, இல்லாங்காட்டி கோவத்துல கீறச்சொல்லோ. முட்டைய வுட்டு வர்ற பாம்பு மொதமொதல்ல முழிச்சிப் பாக்குற ஆளா நான் இருக்கணும் வர்ணம். அதுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது பாரு, அந்த நேரத்துல."

சாம்பார் ஊற்ற வந்த பஞ்சவர்ணம் கரண்டியோடு நின்றுவிட்டாள். தன் பிள்ளை பிறந்தபோதுகூட இந்த மனுஷன் இப்படிப் பேசவில்லையே என்று கோபம் வரவேண்டும். வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் செல்லி முட்டையிட்டது. ஐந்து முட்டை. வெள்ளை வெளேரென்று, தோல் மாதிரி ஓடு, கோழி முட்டையைவிடப் பெரிசு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் முன்னால் உத்தமன் அவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மீன் மார்க்கெட்டில் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் சூடு தரும் ஒயரும் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் பொருத்தி, ஈரப் பொடியில் முட்டைகளை உட்கார வைத்தார். அன்று அவர் மூடியை மூடிய விதத்தைப் பார்த்துப் பஞ்சவர்ணத்துக்கே கண் கலங்கிவிட்டது.

பொரிய இரண்டு மாதம் ஆகும். அதில் பாதி போயிருக்கும். மழை பிடித்துக்கொண்டது, கூடவே உத்தமனை டெங்கு பிடித்துக்கொண்டது. ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் தீபிகா அம்பத்தூர் மாமியார் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். பெண்டாட்டி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் முறை. ஆனால் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, கண்ணைத் திறக்க முடியாமல் அந்த மனுஷன் சொல்கிறார்: "நீ ஊட்டுக்குப் போ வர்ணம். முட்ட தனியா கீது."

"இன்னாய்யா பேசற? நீ இங்க கெடக்க, நான் முட்டையப் பாக்கப் போவணுமா?"

"தீபிகா கீறா. நீ போ. நீ கோழிய எப்டிப் பாத்துப்ப, அந்த மாதிரி பாத்துக்க. போதும்."

அவ்வளவுதான் சொன்னார். மேலே பேசத் தெம்பில்லை. வழி முழுக்க ஷேர் ஆட்டோவில் திட்டிக்கொண்டே வந்தாள் பஞ்சவர்ணம். உலகத்தில் எவளுக்காவது இப்படி ஒரு புருஷன் வாய்த்திருப்பானா? வீட்டுக்கு வந்து, நனைந்த புடவையை மாற்றக்கூட இல்லை, நேரே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோழியைப் பார்த்துக்கொள்வது போல. அதை அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அடைகாத்த கோழியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட, குண்டு பல்புச் சூட்டிலேயே முட்டைகளைப் பொரிக்க வைத்தவள் அவள். கோழி என்ன செய்யும்? அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டிவிடும். கோழி இல்லையென்றால் நாம் புரட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எதைப் புரட்டினோம் எதைப் புரட்டவில்லை என்று தெரிய ஒரு பக்கம் கரியால் கோடு இழுத்துவைப்பது அவள் வழக்கம். இங்கே கரிக்குப் பதில் பென்சில். 'பார்த்தியா, மனுஷன் அடையாளம்கூடப் போட்டு வெச்சிருக்கார்' என்று அந்த நிலைமையிலும் அவளுக்கு மெச்சத் தோன்றியது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பாம்பைத் தொடமாட்டேன் என்றுதானே சொன்னாள், பாம்பு முட்டையை அல்லவே. காலையில் குறி மேலே, சாயங்காலம் குறி கீழே. ஒரு வேளை தவறாமல், சாமிக்கு விளக்கேற்றுவது மாதிரி செய்தாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. தெருவில் முழங்கால் தண்ணீர். இன்வெர்ட்டரும் கீச்சென்று கத்தி அடங்கியது. பெட்டியில் சூடு இறங்க ஆரம்பித்தது. பஞ்சவர்ணம் கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டாள். வீட்டிலிருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில்களை எல்லாம் நிரப்பிப் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வைத்தாள். உத்தமனின் தொழிற்சாலை ஸ்வெட்டரைப் பெட்டிக்குப் போர்த்தினாள். ஆறினால் எடுப்பாள், மறுபடி நிரப்புவாள். கரண்ட் வரும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. ஜன்னலில் மேஸ்திரி உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தது. "இன்னா பாக்கற? வந்து ஒரு பாட்டிலத் தூக்கேன்" என்று அதன்மேல் எரிந்து விழுந்தாள்.

உத்தமன் துரும்பாக இளைத்து வீடு வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராக அந்த அறைக்குத்தான் போனார். பஞ்சவர்ணம் பின்னாலேயே போய், பரீட்சைப் பேப்பரை நீட்டிய பிள்ளை போல நின்றாள். மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல மூடினார்.

"நல்லாப் பாத்துகினுகீற வர்ணம். இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார்.

"பின்ன? கரண்ட்டு போன அன்னிக்கு நான் பட்ட பாடு!" என்று ஆரம்பித்து அத்தனையும் சொன்னாள். வெந்நீர், பாட்டில், ஸ்வெட்டர். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத் வந்தான், பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. விசாரிப்பு முடிந்ததும், முட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். பஞ்சவர்ணம் டீ கொண்டுபோனவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். உள்ளே ஸ்ரீநாத்தின் குரல் உயர்ந்தது.

"அண்ணா, என்னண்ணா இது? மார்க்கு எல்லாம் அடியில இருக்கு! முட்டையத் திருப்பினது யாரு?"

ஸ்ரீநாத் விடவில்லை.

"உங்களுக்குத் தெரியாததா? கோழி முட்டை மாதிரி இல்லண்ணா இது. வெச்ச பொசிஷன்லயே இருக்கணும், அதுக்குத்தானே மார்க்கே போடறோம். திரும்புனா உள்ள இருக்கிறது செத்துப்போயிரும்ணா. ஐயையோ, இந்த ரெண்டுல ஒரு நரம்புகூடத் தெரியல பாருங்க."

"நான்தாம்பா" என்றார் உத்தமன்.

"நீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, ஜொரத்துல. பெட்டிய நவுத்தச்சொல்லோ கை தவறிடுச்சு. எல்லாம் உருண்டுபோச்சு. அப்பால எப்டியோ எடுத்து வெச்சேன். என் தப்புதான். சத்தமாப் பேசாத, வர்ணம் காதுல வுழப்போவுது. பாவம், கண்ணு முழிச்சிக் காப்பாத்தி வெச்சிகீறா."

பஞ்சவர்ணத்தின் கையில் டீ தளும்பித் தட்டில் கொட்டியது. காலையில் மேலே, சாயங்காலம் கீழே. ஒவ்வொரு தரமும் கையைக் கழுவிக்கொண்டு, சாமியை வேண்டிக்கொண்டு, தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கொன்றிருக்கிறாள். அந்த மனுஷன் வந்த அன்றே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, நல்லாப் பாத்துக்கிட்ட என்று சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீநாத் போகும்வரை எப்படியோ தாக்குப்பிடித்தாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் உத்தமன் முன்னால் போய் நின்றாள்.

"எதுக்குய்யா பொய் சொன்ன?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேட்டுவிட்டாள் என்று புரிந்தது.

"என்னிய ரெண்டு அற வுட்டிருக்கலாம்ல! கத்தியிருக்கலாம்ல! உன் ஆசையில மண்ணள்ளிப் போட்டவளப் பாத்து நல்லாப் பாத்துகினன்னு சொல்றியே, நீ மனுசனா இன்னா?" அழுகையில் குரல் உடைந்தது.

"உக்காரு வர்ணம்."

"உக்காரமாட்டேன்."

"கோழிய மாதிரி பாத்துக்கன்னு சொன்னது யாரு? நான்தான. சொன்னத அப்டியே செஞ்சிகீற. ஒரு வேளகூட வுடாம செஞ்சிகீற. இதுல உன் தப்பு இன்னா கீது? அன்னிக்கு வெந்நி வெக்கலன்னா அஞ்சும் அன்னிக்கே போயிருக்கும்." அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அவன்கிட்ட சொன்னதும் பொய் இல்ல. என் ஜொரம்தான் திருப்புச்சு."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தாளோ. "துன்னியா, மாத்திர போட்டியா?" என்று மட்டும் அதட்டினாள்.

அன்றிலிருந்து அந்த அறைப்பக்கம் அவள் போவதில்லை. இரண்டு முட்டைகள் மஞ்சளித்துப் பூசணம் பூத்தன. உத்தமன் அவற்றைக் காகிதத்தில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைப்பதைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று மேஸ்திரிக்குக் கீரை பறிக்க அந்த மரத்தடிக்குப் போகவும் கால் வரவில்லை. மீதி மூன்று. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டார்ச் அடிப்பதையும் விட்டுவிட்டார்.

மார்கழி பிறந்து, தெருக்கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்த ஒரு காலை. பஞ்சவர்ணம் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். உத்தமன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நாளாச்சு வர்ணம். இன்னிக்குத் தொறந்து பாக்கணும். வா."

"நான் எதுக்கு? நீ பாரு."

"உங்க ஊட்ல இன்னா பழக்கம்? அட வெச்ச பொம்பளதான் மொதல்ல கூடையத் தொறக்கணும்னு நீதான சொல்லுவ."

"என் கை பட்டதெல்லாம் போதும். நீ போய்யா."

"வர்ணம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "அட வெச்சவ நீ. நீ தொறக்காம நான் பாக்கமாட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். ஆயுசு முழுக்க இந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்த ஆள். முட்டையை விட்டு வருகிற பாம்பு முதலில் முழித்துப் பார்க்கிற ஆளாகத் தான் இருக்கவேண்டும் என்று கரண்டியோடு அவளை நிற்க வைத்த ஆள். அவர் அவளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டார்.

குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் மூடியைத் தூக்கினாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் பட்டது. முதல் முட்டை உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதின் மேல் பிளேடால் கீறியது போல ஒரு கீறல். அதிலிருந்து கொழகொழவென்று என்னவோ வழிந்திருந்தது. அதுவும் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

கீறல் அசைந்தது. கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு தலை, நனைந்து பளபளவென்று, வெளியே வந்து நின்றது. நாக்கை ஒரு தரம் நீட்டி இழுத்துக்கொண்டது. இரண்டு கருப்புப் பொட்டுக் கண்கள். அவற்றில் பயம் இல்லை, கோபம் இல்லை. அவர் சொன்னது நிஜம்தான்.

தானாகவே அவள் கை நீண்டு, ஒரே ஒரு விரலால், அந்த முட்டையின் ஓரத்தைத் தொட்டது. அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"யோவ்" என்றாள். "கீதுய்யா. ஒண்ணு கீது. முழிச்சிகினு என்னையே பாக்குது. சீக்கிரம் வாய்யா!"

உத்தமனின் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் திரும்பவில்லை.

"இரு வர்ணம். கொஞ்ச நேரம் அது உன்னையே பாக்கட்டும்" என்றார்.